‘மாத்தியாச்சு’ என்று எழுதாதீர்கள்

நம் விமானப் பயிற்சிப் பள்ளியின் பிளக் மேசைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்கள் மூவருக்கும்,

அடுத்த வாரம் முதல் நான் பதிவேட்டு அறைக்குப் போகிறேன். ஒன்பது வருடம் உட்கார்ந்த இந்த மேசை இனி உங்களுடையது. “போறதுக்கு முன்னாடி ஏதாவது எழுதிக் குடுத்துட்டுப் போம்மா, புதுசா வந்தவங்களுக்கு உதவும்” என்று நம் பராமரிப்பைச் சரிபார்க்கும் இன்ஸ்பெக்டர் சார் சொன்னார். பிளக்கை எப்படிக் கழற்றுவது, எப்படிச் சுத்தம் செய்வது, இடைவெளி எவ்வளவு, எவ்வளவு இறுக்குவது எல்லாம் கையேட்டில் இருக்கிறது. அதைத் திருப்பி எழுத எனக்குப் பொறுமை இல்லை. கையேட்டில் இல்லாத ஒன்றை எழுதுகிறேன். ஒரு சொல்லைப் பற்றி. அந்தச் சொல்லால் ஓடுபாதைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு விமானத்தை நான் நிறுத்தச் சொல்ல வேண்டி வந்தது.

அதற்கு முன் ஒன்று. ஓசூரில் ஸ்பார்க் பிளக் தெரியாதவர் யாருமில்லை. அதுதான் இந்த வேலையின் முதல் தொல்லை. பாதி ஊர் வண்டி செய்கிறது, மீதி ஊர் அந்த வண்டிக்குப் பாகம் செய்கிறது. என் கணவரும் அதில் ஒருவர். “எட்டு பிளக்கைத் துடைக்க ஒரு நாளா? எங்க தெரு மெக்கானிக் டீ குடிச்சிக்கினே நாலு வண்டி பார்த்துடுவான்” என்று அவர் சொல்லாத மாதம் இல்லை. உங்களில் இருவர் டூவீலர் சர்வீஸில் இருந்தவர்கள் என்று கேள்விப்பட்டேன். பிளக்கை உப்புத்தாளில் தேய்த்து, வாயால் ஊதி, திருகி மாட்டும் கை உங்களுக்கு இருக்கும். அந்தக் கையை வாசலிலேயே விட்டுவிட்டு வாருங்கள். வண்டி நின்றுபோனால் ஓரமாகத் தள்ளலாம். ஆகாயத்தில் ஓரம் கிடையாது.

தேர்வு விஷயத்திலும் இதே கதைதான். ஒருமுறை ஸ்டோரிலிருந்து வந்த பெட்டியில் பிளக்கின் எண்ணில் ஓர் எழுத்து வேறாக இருந்தது. கேட்டால், “மரை பொருந்துதேம்மா” என்றார்கள். மரை பொருந்தும். நீளமும் பொருந்தும். ஆனால் அது வேறு சூட்டுத் தரம். எஞ்சினுக்குள் இருக்கும் சூட்டை அது நம் பிளக் அளவுக்கு வெளியே கடத்தாது. நுனி தணலாகி, பொறி வரும் முன்பே எரிபொருளைப் பற்றவைத்துவிடும். பொருந்துவது வேறு, அந்த எஞ்சினுக்கு அனுமதிக்கப்பட்டது வேறு. எண்ணைக் கடைசி எழுத்துவரை விரல் வைத்துப் படியுங்கள். படித்த பிறகு எனக்குச் சந்தேகம் வரும், மறுபடியும் படிப்பேன். கேலி செய்வார்கள். செய்யட்டும்.

இப்போது அந்தச் சொல்.

நம் பயிற்சி விமானத்தின் எஞ்சினில் நான்கு சிலிண்டர். ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு பிளக், கீழே ஒரு பிளக். ஆக எட்டு. கீழே இருப்பவை எண்ணெயும் ஈயக் கசடும் பிடித்துச் சீக்கிரம் அழுக்காகும். அதனால் ஒவ்வொரு பராமரிப்பிலும் எட்டையும் கழற்றிச் சுத்தம் செய்து, மேலே இருந்ததைக் கீழேயும் கீழே இருந்ததை மேலேயும், சிலிண்டரையும் மாற்றிப் போடுவோம். தேய்மானம் சமமாக இருக்கும். இதை இங்கே எல்லாரும் ‘பிளக் மாத்துறது’ என்பார்கள்.

பிளக் கெட்டுப்போனால் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியது போடுவோம். அதையும் ‘பிளக் மாத்துறது’ என்பார்கள்.

ஒன்றில் பழைய பிளக் எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது. இன்னொன்றில் அது குப்பைக்குப் போகிறது. நேர் எதிரான இரண்டு காரியத்துக்கு ஒரே சொல். அத்தனை வருடமும் இது யாருக்கும் உறைக்கவில்லை. நான் பி.ஈ. படித்தவள். எனக்கும் உறைக்கவில்லை.

அன்று காலை என் மகள் யாழினிக்குக் காய்ச்சல் இல்லை. இல்லை என்றுதான் நினைத்தேன். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன், கழுத்தில் பார்த்தேன், கணவரையும் பார்க்கச் சொன்னேன். “நல்லாத்தான் இருக்குறா, கிளம்பு” என்றார். இரண்டு வயதுக் குழந்தை. மூக்கண்டப்பள்ளியில் எங்கள் வீட்டுக்குப் பின்தெருவில் உள்ள காப்பகத்தில் விட்டேன். பையில் காய்ச்சல் மருந்து வைத்தேன். அதன் சுவை பிடிக்காவிட்டால் என்று வேறு சுவையில் அதே மருந்து இன்னொரு பாட்டில். இரண்டிலும் அளவை எழுதி ஒட்டினேன். பஸ் ஏறிய பிறகு, விட்டிருக்கக் கூடாதோ என்று தோன்றியது. எனக்கு எப்போதும் பஸ் ஏறிய பிறகுதான் தோன்றும்.

பதினொரு மணிக்கு எட்டில் ஏழு பிளக் முடித்துவிட்டேன். எட்டாவதன் இடைவெளியை அளந்துகொண்டிருந்தபோது ஓவரால் பைக்குள் போன் அதிர்ந்தது. மேசைக்குப் போன் கொண்டுவரக் கூடாது என்பது விதி. கொண்டுவந்திருந்தேன். கை உதறியது. பிளக் உருண்டு, சிமெண்டுத் தரையில் விழுந்தது.

விழுந்த பிளக் எஞ்சினுக்குள் போகக் கூடாது. இதை முதல் நாளே உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். உள்ளே இருக்கும் பீங்கானில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கலாம். கண்ணுக்குத் தெரியாது. சோதனைப் பெட்டியில் வைத்தால்கூட நன்றாகப் பொறி விடும். மேலே போய், சூடேறி, அழுத்தம் ஏறிய பிறகுதான் காட்டிக்கொடுக்கும். அதனால் யோசனையே வேண்டாம், நேராகச் சிவப்புத் தொட்டி. அந்தத் தொட்டி என் நாற்காலியிலிருந்து இரண்டு எட்டு தூரத்தில்தான்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? பிளக்கை எடுத்துத் தட்டில் அதன் குழியிலேயே திரும்ப வைத்தேன். ‘3 கீழ்’ என்று எழுதிய குழி. அதாவது மூன்றாவது சிலிண்டரின் கீழிருந்து வந்தது. போன் பேசிவிட்டு வந்து தொட்டியில் போடலாம் என்று நினைத்தேன். உங்களில் யாராவது இப்படிச் செய்தால் நான் பதிவேட்டு அறையிலிருந்து எழுந்து வந்து திட்டுவேன்.

தட்டை எடுத்துப் போக முனிராஜண்ணன் வந்துகொண்டிருந்தார். எங்கள் மூத்த மெக்கானிக். ராயக்கோட்டைப் பக்கம் தக்காளி நிலம் உள்ளவர், வீட்டில் தெலுங்கு பேசுபவர், எஞ்சின் விஷயத்தில் கையைக் கட்டிக்கொண்டு கேட்க வேண்டியவர். அவரைப் பார்த்துக் கத்திவிட்டு வெளியே ஓடினேன். நான் கத்தியது: “அண்ணா, மூணாவது கீழ விழுந்துருச்சு, மாத்திடுங்க!” அப்படித்தான் சொன்னேன் என்று நான் சத்தியம் செய்வேன். அவருக்குக் கேட்டது: “அண்ணா, மூணாவது கீழ, மாத்திடுங்க!” அதுதான் கேட்டது என்று அவர் சத்தியம் செய்வார். பக்கத்தில் கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது. ‘விழுந்துருச்சு’ அதோடு போயிற்று. ஒருவேளை நான் அதைச் சொல்லவே இல்லையோ? இப்போது எனக்கே தெரியவில்லை.

காப்பகத்தில் இருந்த பெண்தான் பேசினாள். “அக்கா, பாப்பாவுக்கு உடம்பு லேசா சுடுது.” மருந்து கொடுக்கச் சொன்னேன். கணவருக்கு அடித்தேன். ஷிப்ட் முடிந்து மூன்றரைக்குப் போய் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். மாமியாருக்கு அடித்தேன். அவர், “நான் அப்பவே சொன்னேன்” என்றார். எப்போது சொன்னார் என்று தெரியவில்லை. திரும்பி வர இருபது நிமிடம். தட்டு காலி.

“மாத்திட்டீங்களாண்ணா?”

எஞ்சினுக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. “மாத்தியாச்சும்மா, மாத்தியாச்சு.”

மேசையிலிருந்து எஞ்சினுக்குப் போகும் துண்டுச்சீட்டிலும் அவர் அதையே எழுதியிருந்தார். மாத்தியாச்சு. நான் கையெழுத்துப் போட்டேன். அந்தச் சீட்டைப் பார்த்துத்தான் ஆங்கிலப் படிவம் நிரம்பும். நிரம்பியது. எஞ்சினை ஓட்டிப் பார்த்தார்கள், ரன்-அப் என்பார்கள். பொறிக்கு மின்சாரம் தரும் இடது மாக்னெட்டோ, வலது மாக்னெட்டோ, எல்லாம் அளவுக்குள். விமானத்தை வெளியே தள்ளினார்கள், எங்கள் பேச்சில் அதுவும் வண்டிதான். முனிராஜண்ணன் தக்காளி லோடு ஏற்ற வேண்டும் என்று பெர்மிஷன் போட்டுவிட்டு இரண்டரைக்கு பைக்கை எடுத்தார்.

மூன்று மணிக்கு மறுபடி காப்பகத்திலிருந்து போன்.

“அக்கா, மருந்து மாத்திக் குடுத்துட்டேன்.”

“மாத்திக் குடுத்துட்டியா? யார் மருந்தை? எத்தனை எம்.எல்.?”

“ஐயோ, தப்பா இல்லக்கா! செவப்பு பாட்டில் குடுத்தா துப்புறா. அதான் நீங்க வச்ச இன்னொரு பாட்டில்ல குடுத்தேன். குடிச்சிட்டா. தூங்குறா.”

“அதைத் தெளிவா சொல்லக் கூடாதா?”

“தெளிவாத்தானக்கா சொன்னேன். மாத்திக் குடுத்தேன்னு.”

போனை வைத்தேன். கோபம் அடங்கவில்லை. என்ன பாஷை இது, ‘மாத்தி’ என்றால் தப்பு என்றும் ஆகிறது, வேறு என்றும் ஆகிறது என்று மனதுக்குள் திட்டிக்கொண்டே மேசைக்கு வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகுதான் முனிராஜண்ணனின் குரல் காதில் திரும்ப ஓடியது. மாத்தியாச்சும்மா, மாத்தியாச்சு.

எதை? எப்படி?

சிவப்புத் தொட்டியைப் பார்த்தேன். இரண்டு பழைய செம்பு வளையம் கிடந்தது. பிளக் இல்லை. மதியம் தொட்டியைக் காலி செய்தார்களா? தெரியாது. ஸ்டோருக்கு ஓடினேன். புதிய பிளக் பெட்டியின் ஒட்டுநாடா பிரிக்கப்படாமல் இருந்தது. அவர் தன் டிராயரில் வைத்திருந்த புதியது ஒன்றைப் போட்டிருக்கலாமே? போட்டிருக்கலாம். போனில் அவர் எடுக்கவில்லை. ராயக்கோட்டை ரோட்டில் பைக்கில் போகிறவருக்கு எங்கே கேட்கும்?

அப்போதுதான் வெளியே எஞ்சின் கிளம்பியது.

அந்த வண்டியில் இருந்தவள் கீர்த்தனா. அன்று அவளுக்கு முதல் தனிப் பறத்தல். பயிற்சியாளர் இரண்டு சுற்று கூடவே வருவார், பிறகு இறங்கிக்கொள்வார், மூன்றாவது சுற்று அவள் மட்டும். இதைப் பார்க்க கிருஷ்ணகிரியிலிருந்து அவளுடைய அப்பாவும் அம்மாவும் வந்து வேலியோரம் நின்றிருந்தார்கள். அம்மா கையில் ஸ்வீட் பெட்டி.

இன்ஸ்பெக்டர் சார் வாசலில் வாக்கிடாக்கியோடு நின்றிருந்தார். மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னேன். விழுந்தது என்பதையும், விழுந்ததைத் தட்டிலேயே வைத்தது நான் என்பதையும் சேர்த்து. அதைச் சொல்லாமல் வேறு மாதிரி சொல்லலாமா என்று வரும் வழியெல்லாம் யோசித்தேன். அதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

“ரன்-அப் நல்லாத்தானே இருந்துச்சு?” என்றார்.

“நல்லாத்தான் சார் இருந்துச்சு.”

“விழுந்த பிளக்கு உள்ளதான் இருக்குதுன்னு உனக்கு நிச்சயமா தெரியுமா?”

“தெரியாது சார்.”

“என்னாம்மா இது. அவங்க அப்பா அம்மா நிக்கிறாங்க, அந்தப் பொண்ணு ஒரு வாரமா தூங்கல. தெரியாமயே நிறுத்தச் சொல்றியா?”

“தெரியாததாலதான் சார் சொல்றேன்.”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை ஏதும் இல்லை. நல்ல எரிச்சல் இருந்தது. ஆனால் வாக்கிடாக்கியை வாய்க்குக் கொண்டுபோய்விட்டார். “வண்டியத் திருப்புங்க. ஆமா, இப்பவே. காரணம் அப்புறம்.”

வண்டி திரும்பி வந்து நின்றது. கீர்த்தனா இறங்கவில்லை. கொஞ்ச நேரம் உள்ளேயே உட்கார்ந்திருந்தாள். வேலியோரமிருந்து அவள் அம்மா என்னைக் கைதட்டிக் கூப்பிட்டார். நீல ஓவரால் போட்ட பெண் நான் ஒருத்திதான்.

“ஏம்மா, எம் பொண்ணு ஏதாவது தப்பு பண்ணிட்டாளா?”

“இல்லைங்கம்மா. அவங்க மேல ஒண்ணும் இல்ல. பிளக்குல சின்னச் சந்தேகம். என் தப்புங்க.”

“சந்தேகத்தைக் காலையிலயே படக்கூடாதாம்மா? இவருக்கு மாங்கூழ் கம்பெனியில வேலை. சீசன் நேரம், கெஞ்சிக் கூத்தாடி ஒரு நாள் லீவு வாங்கினாரு.”

அப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சூரியனைப் பார்த்தார்.

எஞ்சின் சூடாக இருக்கும்போது பிளக்கைக் கழற்ற முடியாது, மரை போய்விடும். ஆறுவதற்காகக் காத்திருந்தோம். எட்டு முறை அடித்த பிறகு முனிராஜண்ணன் போனை எடுத்தார். பின்னால் தக்காளிக் கிரேட் இறக்கும் சத்தம். ஸ்பீக்கரில் போட்டேன்.

“அண்ணா, அந்த மூணாவது கீழ, மாத்தினீங்களே…”

“மாத்தியாச்சுன்னு சொன்னேனேம்மா!”

“எந்த மாத்துறதுண்ணா? புதுசு போட்டீங்களா, எடம் மாத்தினீங்களா?”

“எதுக்கும்மா புதுசு? நல்ல பிளக்கு. மூணு கீழ இருந்தது, ரெண்டு மேல போட்டேன். இருபது வருசமா மாத்துறேன், எதை எங்க போடணும்னு எனக்குத் தெரியாதா? நான் என்னவோ மறந்துடுவேன்ற மாதிரி நீ வேற கத்திட்டு ஓடுற.”

“அது கீழ விழுந்த பிளக்குண்ணா!”

“அடிப்பாவி. அதை ஏம்மா தட்டுல வச்சே?” என்றார்.

இன்ஸ்பெக்டர் சாருக்கு வீட்டில் கன்னடம். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: “எங்க பாஷையில ‘மாத்து’ன்னா பேச்சு. நீங்க ரெண்டு பேரும் இன்னிக்கு மாத்தே ஆடல, அதான் பிரச்சினை.”

இரண்டாவது சிலிண்டரின் மேல் பிளக்கைக் கழற்றினோம். அறுகோண விளிம்பில் ஒரு வெள்ளைக் கீறல் இருந்தது, சிமெண்டுத் தரையின் கீறல். அதுதான். இன்ஸ்பெக்டர் சார் லென்ஸ் வைத்து உள்ளே பார்த்தார். விரிசல் தெரியவில்லை. சோதனைப் பெட்டியில் காற்றழுத்தம் ஏற்றிப் பொறி விட்டுப் பார்த்தார். ஜம்மென்று விட்டது. என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, பிளக்கை என் கையில் கொடுத்தார்.

தள்ளுபடியான பிளக் யார் கைக்கும் திரும்பப் போகக் கூடாது என்பதற்காக அதை உடைத்துத்தான் போட வேண்டும். பிடியில் மாட்டிச் சுத்தியலால் அடித்தேன். பீங்கான் நாலாக உடைந்தது. உடைந்த துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எது காலையில் விழுந்த விரிசல், எது இப்போது நான் அடித்த விரிசல் என்று யார் சொல்வது? காலையில் ஒன்றுமே ஆகாமலும் இருந்திருக்கலாம். அந்த வண்டி நல்லபடியாக மூன்று சுற்று சுற்றி வந்திருக்கலாம். அந்த அப்பா பார்த்திருக்கலாம். நான் அதைத் தெரிந்துகொள்ள வழியே இல்லை. இந்த வேலையில் சரியாக நடந்துகொண்டதற்கு அத்தாட்சி கிடைக்காது. கிடைக்கும் என்று காத்திருக்காதீர்கள்.

புதிய பிளக் போட்டு முடிப்பதற்குள் வெளிச்சம் போய்விட்டது. கீர்த்தனாவின் அப்பா கிருஷ்ணகிரி பஸ் ஏறினார். அம்மா மட்டும் தெரிந்தவர் வீட்டில் தங்கிக்கொண்டார். நான் வீட்டுக்குப் போனபோது யாழினிக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. “எல்லாம் சரியாப் போச்சா?” என்று கணவர் கேட்டார். எனக்கு அவர்மேலும் எரிச்சல் வந்தது. ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.

அதற்குப் பிறகு துண்டுச்சீட்டில் இரண்டு கட்டம் போட்டோம். ஒன்றில் ‘புதியது போட்டது’, இன்னொன்றில் ‘இடம் மாறியது’. நானே கோடு போட்டு, நானே நகல் எடுத்து, மேசையில் அடுக்கினேன். முதல் சீட்டிலேயே முனிராஜண்ணன் இரண்டு கட்டத்துக்கும் குறுக்கே பெரிதாக ‘மாத்தியாச்சு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தச் சீட்டை மேசைக்கு மேலே ஒட்டிவைத்திருக்கிறேன், பார்த்திருப்பீர்கள். இன்றும் நாளில் ஒருமுறையாவது அவர் அதைச் சொல்வார். நானும் வாய்தவறிச் சொல்வேன். யார் சொன்னாலும், எத்தனை வருட அனுபவம் உள்ளவர் சொன்னாலும், புதுசா இடமா என்று கேட்காமல் கையை அசைக்காதீர்கள். கேட்டால் எரிந்து விழுவார்கள். நான்கூட விழுவேன். அப்போதும் கேளுங்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கீர்த்தனா ஹெட்செட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு மேசைக்கு வந்தாள். கண் வீங்கியிருந்தது. என்னிடம் கோபமாக இருப்பாள் என்று நினைத்தேன், இருந்திருக்கலாம். வேலியோரம் அவள் அம்மா தனியாக நின்று, கிருஷ்ணகிரிக்கு வீடியோ கால் போட்டுப் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

“அக்கா, பிளக் மாத்தியாச்சா?” என்றாள்.

“ரெண்டாவது சிலிண்டர் மேல புதுசு போட்டிருக்கு. மீதி ஏழும் பழசு, சுத்தம் பண்ணி எடம் மாறியிருக்கு. நானே ஒவ்வொண்ணா நின்னு பார்த்தேன்.”

“ஆமான்னு சொன்னா போதாதாக்கா?”

“போதாது” என்றேன்.

அவள் ஒவ்வொன்றாக விரல் மடக்கி, “ரெண்டு மேல புதுசு, மீதி ஏழு எடம் மாறினது” என்று எனக்கே திருப்பிச் சொல்லிவிட்டு, வண்டியைப் பார்த்து நடந்தாள்.